பச்சைக் கல் கட்டில்

கோகிலவாணிக்குக் கடவுள் கொடுத்த ஒரே சொத்து அவள் தொண்டை. அது சொத்து என்று அவளுக்குத் தெரிவதற்குள் நாற்பது வயது கடந்துவிட்டது. அதுவரை தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்துவிட்டு அவளைப்போல அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு ஆடி மாதம், கூழ் ஊற்றும் நாளில் மைக் பிடிக்கிறவன் வராமல் போய்விட்டான். "நீ பேசு கோகிலா, உன் கொரலுதான் கணீர்னு கீது" என்று யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். வரிசையில் வரச் சொன்னதும், காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொன்னதும், வந்திருந்த கவுன்சிலருக்கு நன்றி சொன்னதும் எல்லாம் அவள்தான். மறு வாரமே ஆள் தேடிக்கொண்டு பத்ரி வந்தான்.

பத்ரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சூடு கொடுக்கும் மசாஜ் கட்டில் விற்கிற ஒரு கம்பெனிக்குத் தென்சென்னைப் பகுதி மேனேஜர். கேம்ப் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேலே இருந்த பழைய டியூஷன் கூடத்தை வாடகைக்கு எடுத்து, வரிசையாகக் கட்டில் போட்டு, வாசலில் 'ஜேடு தெரபி - இலவசம்' என்று பேனர் கட்டியிருந்தான். வயதானவர்கள் வந்து தினமும் இலவசமாகப் படுத்து எழுந்து போகலாம். படுத்துப் பழகியவர்களில் சிலர் கட்டிலை விலைக்கு வாங்குவார்கள். அதுதான் வியாபாரம். மெத்தைக்கு அடியில் பச்சை உருளைகள் சூடாகிக் கழுத்திலிருந்து இடுப்பு வரை போய்ப் போய்த் திரும்பும். ஒரு கூட்டம் படுத்திருக்கும்போது அடுத்த கூட்டம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்கும். காத்திருப்பவர்களிடம் பேசுவதற்குத்தான் கோகிலவாணி.

"பெரியவங்களே, பச்சையா இருக்கிற கல்லெல்லாம் ஜேடு இல்ல. ஏமாறாதீங்க" என்று, கம்பெனி எழுதிக் கொடுத்தபடி அவள் ஆரம்பிப்பாள். "முதல்ல கன்னத்துல வச்சுப் பாருங்க. நிஜமான ஜேடு சில்லுன்னு இருக்கும், சட்டுனு சூடேறாது. உள்ளங்கையில வச்சா, இத்தூண்டு கல்லுக்கு இவ்வளவு கனமான்னு இருக்கும். கத்தி முனையால கீறினா கோடு விழாது. டார்ச் அடிச்சா உள்ள மேகம் கலைஞ்ச மாதிரி, நார் நாரா ஓடும். கண்ணாடின்னா உள்ள குமிழ் இருக்கும். குமிழ் இருந்தா அது கல்லே இல்ல."

இதைச் சொல்லிக்கொண்டே ஒரு தட்டை அவர்களுக்கு நடுவே சுற்ற விடுவாள். தட்டில் ஒரு நிஜ ஜேடுத் துண்டும் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டும் இருக்கும். கிழவர்கள் இரண்டையும் கன்னத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எது நிஜம் என்று பக்கத்து நாற்காலிக்காரரோடு சண்டை போட்டுக்கொள்வார்கள். காலை முதல் கூட்டத்திலிருந்து சாயங்காலக் கடைசிக் கூட்டம் வரை அதே பேச்சு, அதே தட்டு. வீட்டுக்குப் போய்க் குழம்பு கொதிக்கும்போதுகூட அவள் உதடு 'சட்டுனு சூடேறாது' என்று முணுமுணுத்தது.

ஆரம்பத்தில் அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். காலர் தைத்த வருடங்களில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களெல்லாம் அவள் சொல்வதைக் கேட்டார்கள். மைக்கில் சொல்வது உண்மைதானா என்று அவளுக்கே பார்க்கத் தோன்றியது. பாரிமுனைக்குப் போய், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கி வந்தாள். போனில் வீடியோக்கள் பார்த்தாள். தட்டில் இருந்த இரண்டு துண்டுகளையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துக் கண் வலிக்கப் பார்த்தாள். கண்ணாடியில் மீன் முட்டை மாதிரி உருண்டையாகக் குமிழ்கள் தெரிந்தன. ஜேடில் அப்படி ஒன்றும் இல்லை. பஞ்சைப் பிய்த்து அழுத்தி வைத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தது. கன்னத்தில் வைத்தால் கன்னம் ஏமாற்றும், கனமும் சில நேரம் ஏமாற்றும், குமிழ் மட்டும் ஏமாற்றாது என்று அவளுக்குப் பட்டது.

அதன் பிறகு ஜனங்கள் வீட்டிலிருந்து எடுத்துவர ஆரம்பித்தார்கள். ரங்கூனில் பிறந்து கப்பலேறி வந்த ஒரு அம்மாளின் வளையல், நிஜமான கல். மருமகள் போனில் ஆர்டர் போட்டு வாங்கிய முகம் தேய்க்கும் உருளை, கண்ணாடி. மலேசியாவிலிருந்து மகன் கொண்டுவந்த சங்கிலி டாலர், ஏதோ வெள்ளைக் கல்லில் சாயம் ஏற்றியது. வெற்றிலை போடுகிறவர்களின் பல்லிடுக்கில் சாறு தங்கியிருப்பதுபோல, விரிசலுக்குள் மட்டும் பச்சை அடர்ந்து கிடந்தது. ஜோசியர் கொடுத்த மோதிரக் கல் ஜேடுமில்லை, கண்ணாடியுமில்லை. என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

நிஜம் என்று சொன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள். பொய் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். கர்ச்சீப்பில் சுற்றி வாங்கிக்கொண்டு, அன்று முழுவதும் அவளிடம் பேசமாட்டார்கள். கொண்டுவந்ததில் பெரும்பாலும் பொய்தான். ஒரு வருடத்துக்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. யாராவது பர்ஸைத் திறந்தாலே, "இன்னைக்கு லென்ஸ் எடுத்துட்டு வரலம்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவன் குமரவேல் படுத்தே கிடந்தான். மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டியவன். குண்டும் குழியுமான ரோட்டில் வருடக்கணக்கில் ஓட்டி முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. "ஊர்ல கீற கெழவனையெல்லாம் கட்டில்ல படுக்க வெக்கிற, என்னையும் ஒரு நாள் கூட்டினு போயேன்" என்று அவன் கேட்டிருக்கிறான். கூட்டிப் போகலாம்தான். ஏழு மாடி இறங்க வேண்டும். லிஃப்ட் ஓடுகிற நாளில் அவளுக்கு லீவு இருக்காது, லீவு இருக்கிற நாளில் லிஃப்ட் ஓடாது. அப்படியே இறங்கினாலும் மேடவாக்கம் கூட்ரோடு தாண்டி கேம்ப் ரோடு வரை ஷேர் ஆட்டோவில் போனால், கட்டில் சரி செய்வதைவிட ஆட்டோ கெடுப்பது அதிகமாக இருக்கும். "போலாம்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.

கூடத்துக்கு வருகிறவர்களில் கங்கையம்மாள் கொஞ்சம் தனி. ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிற குடும்பம். இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிற இடத்தில் அவள் நாற்று நட்டிருக்கிறாள். நிலம் போய் வாடகை வீடுகள் வந்துவிட்டன. குனிந்து நட்ட இடுப்பு வலி மட்டும் போகவில்லை. தினமும் முதல் கூட்டத்துக்கு வந்துவிடுவாள். கோகிலவாணியின் பேச்சை வரிக்கு வரி மனப்பாடம் செய்துவிட்டு, அவள் இருமும் இடத்தில் தானே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். தன் நாத்தனார் பூவம்மாளையும் இங்கே அழைத்து வந்தது அவள்தான். பூவம்மாள் ஒரு மாதம் வந்து படுத்துவிட்டு, ஒரு கட்டிலை வாங்கிச் செம்பாக்கத்தில் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சுவரோரக் கட்டிலில் ஓர் உருளை வெடித்தது. யாருக்கும் அடிபடவில்லை. படுத்திருந்தவர் ஏதோ கடகடக்கிறது என்றார், அவ்வளவுதான். மதிய இடைவேளையில் மெக்கானிக் லாசரஸ் வந்து மெத்தையைத் தூக்கி, உடைந்ததைக் கழற்றிவிட்டுப் புதிதைப் பொருத்தினான். உடைந்த துண்டுகள் கோகிலவாணியின் மேசையில் ஒரு பழைய பேப்பர் மேல் கிடந்தன. அவள் டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டின் உடைந்த முகம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்றது.

ஜேடு அப்படி உடையாது. அது சீக்கிரத்தில் உடைவதே இல்லை; உடைந்தாலும் சிலாம்பு சிலாம்பாக, மரம் பிளந்ததுபோல மங்கலாகத்தான் இருக்கும். இது சிப்பியின் உட்புறம்போல வளைந்து வழவழவென்றிருந்தது. கையைத் துடைத்துவிட்டு லென்ஸை எடுத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. குமிழ்கள் கொத்துக் கொத்தாக இருந்தன.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், மற்ற கட்டில்களின் மெத்தையை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். டார்ச் அடித்தாள். எல்லாம் அதுதான். ஊரார் கொண்டுவந்த கல்லையெல்லாம் பார்த்தவள், தினமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

லாசரஸ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னாக்கா தேடறீங்க?"

"இது கண்ணாடி, லாசரஸ்."

"ஆமா. குடோன்ல மூட்டை மூட்டையா வரும். கீழ வுட்டா சோடா பாட்டில் மாதிரி தெறிக்கும்." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான மைக்ல சொல்றீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

பத்ரி மூலையில் தடுப்புக்குப் பின்னால் லேப்டாப்பில் இருந்தான். அவள் துண்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"உக்காருங்கக்கா" என்றான். அவனுக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. "சூடு குடுக்கிறதுதான் இந்தக் கட்டிலோட வேலை. சூட்டுல வலி கொறையுது. கல் எதுவா இருந்தா என்ன?"

"அப்ப நான் சொல்றதெல்லாம்?"

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையே. நல்லா யோசிச்சுப் பாருங்க. ஜேடுன்னா எப்படி இருக்கும், போலின்னா எப்படி இருக்கும், அவ்வளவுதான உங்க ஸ்பீச்? இந்தக் கட்டில்ல இருக்கிறது ஜேடுன்னு எந்த இடத்துலயாவது வருதா?"

அவள் மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். பெரியவங்களே என்று தொடங்கி நன்றி வணக்கம் வரை. வரவில்லை. அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. வாசல் பேனரில் இருப்பது ஒரு பெயர். மற்றதையெல்லாம் கேட்பவர்களே சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொள்ளும்படி அவள் குரல் இருந்தது. எழுதிக் கொடுத்தவன் யாரோ, ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை.

"மேல சொல்லிப் பார்க்கிறேன்க்கா" என்றான் பத்ரி. சொல்லமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். "மூணு மணி பேட்ச் வந்துடுச்சு பாருங்க."

அவள் போய்ப் பேசினாள்.

சாயங்காலம் வீட்டில் குமரவேலிடம் சொன்னபோது அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "நான் இத்தினி வருஷம் லாரி ஓட்னேனே, இது எந்தக் கெணத்துத் தண்ணின்னு எவனாவது கேட்டானா? லாரி வந்தா போதும்னு கொடத்தத் தூக்கினு ஓடியாந்தாங்க. அப்பிடித்தான் இதுவும். வுடு" என்றான்.

"அவங்க கேக்கல. ஆனா நான் தெனமும் ஏமாறாதீங்கன்னு சொல்றேன்ல."

"அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"தெரியல. தொண்ட வலிக்குது" என்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் கையை நீட்டி அவள் பாதத்தை மெல்ல அமுக்கிவிட்டான். படுத்த இடத்திலிருந்து அவனால் எட்ட முடிந்தது அதுதான்.

அடுத்த சில வாரங்கள் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடுகிற தெம்பு அவளிடம் இல்லை. திரும்பக் காலர் தைக்கக் கண் ஒத்துழைக்காது. தட்டைச் சுற்ற விடும்போது மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வாள். குரலில் கணீர் குறைந்துவிட்டது என்று கங்கையம்மாள்தான் கண்டுபிடித்தாள். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சி ஃப்ளாஸ்கில் கொண்டுவந்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாணி, ஒண்ணு சொல்றேன், யாராண்டயும் சொல்லாத. நானும் ஒரு கட்டிலு எடுத்துக்கலாம்னு இருக்கேன். மாடிப்படி ஏறி வர முடியலம்மா. மேனேஜர் தம்பி நாளைக்கே அனுப்பறேங்குது. நீ இன்னா சொல்ற?"

பாலின் சூடு இன்னும் தொண்டையில் இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால், 'மேனேஜரைக் கேளுங்கம்மா' என்று நகர்ந்திருப்பாள்.

"வேணாம்மா."

"ஏன்?"

"அதுல இருக்கிறது ஜேடு இல்ல. கண்ணாடி. நானே லென்ஸ் வச்சுப் பார்த்தேன்."

கங்கையம்மாள் இடுப்பைத் தடவிக்கொண்டாள். "என் வலி கொறஞ்சிதே" என்றாள்.

"சூட்டுல கொறஞ்சிருக்கும். சுடுதண்ணிப் பை வச்சாலும் கொறையும்."

"எப்போ பாத்த?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"அதுக்கப்புறமும் மைக்ல பேசினியே, தெனமும். நான் முன்னாடி ஒக்காந்து கேட்டுனு இருந்தேனே." கங்கையம்மாள் ஃப்ளாஸ்க்கின் மூடியை எடுத்துத் திருகினாள். அது சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி திருகினாள். "நான் ஏமாந்தா பரவால்ல. பூவம்மா வாங்க மாட்டேன்னு நின்னா. இங்க ஒரு பொண்ணு இருக்கா, பொய்யே சொல்லாதவ, பொய்யின்னா மூஞ்சிக்கு நேராவே பொய்யின்னு சொல்றவன்னு நான்தான் அவள இட்டாந்தேன். இப்ப அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

அன்று அவள் படுக்காமலே போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முதல் வரிசையில் அந்த நாற்காலியில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டம் அதிகமாக இருந்தது. கோகிலவாணி திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. வழக்கம்போலக் கன்னம், கனம், கத்தி, டார்ச் என்று வந்தாள். குமிழ் இருந்தா அது கல்லே இல்ல என்று சொன்னாள். அந்த இடத்தில் நன்றி வணக்கம் வர வேண்டும். அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அலுப்பாக இருந்தது. காலையிலேயே, ஒரு நாள் முழுக்க வேலை செய்து முடித்த அலுப்பு.

"இன்னொண்ணு" என்றாள், அதே குரலில். "இப்ப நீங்க படுக்கப் போற கட்டில் கல்லையும் இதே மாதிரி பாருங்க. டார்ச் இங்க இருக்கு. லென்ஸும் தரேன்."

முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. இதுவும் பேச்சில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். பிறகு ஒரு பெரியவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு போய், ஒருவர் முன்னதாகவே எழுந்துவிட்ட கட்டிலின் மெத்தையைத் தூக்கினார். இன்னும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். லென்ஸ் கை மாறியது.

"கோலிகுண்டு மாதிரி கீதுப்பா" என்றாள் ஒரு அம்மாள்.

"குமிழ் தெரியுது. இதோ, இங்க. இங்க பார்."

"அப்ப ஜேடு இல்லியா இது?"

கேள்வி கோகிலவாணியிடம் வந்தது. "இல்ல" என்றாள்.

பத்ரி தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டான். இரண்டு பேர் அவனோடு சத்தம் போட்டார்கள். கட்டில் வாங்க முன்பணம் கட்டியிருந்த ஒருவர் அதை இப்போதே திருப்பிக் கொடு என்று நின்றார். ஒரு தம்பதி செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். இதற்கு நடுவே முந்தைய கூட்டத்தின் நேரம் முடிந்து மணி அடித்தது. படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் தங்கள் டோக்கனைப் பார்த்தார்கள்.

டார்ச் அடித்த பெரியவர்தான் முதலில் போய்ப் படுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஒரு கட்டில்கூடக் காலியாக இல்லை. "கொஞ்சம் சூட்டக் கூட்டி வைம்மா" என்று யாரோ கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். கோகிலவாணி போய்க் கூட்டி வைத்தாள்.

மதியம் பத்ரி அவளைக் கூப்பிட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. "நாளைலேர்ந்து வர வேணாம்க்கா. எனக்கு வேற வழி இல்ல" என்றான். அவள் டிபன் டப்பாவையும் லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டாள். நிஜ ஜேடுத் துண்டு தட்டில் கிடந்தது. அது கம்பெனியுடையது. ஒரு முறை கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

பொங்கலுக்குள் அந்தக் கூடமும் காலியாகிவிட்டது. பெருங்களத்தூர்ப் பக்கம் வேறு பெயரில் திறந்திருப்பதாக லாசரஸ் சொன்னான். கோகிலவாணிக்கு மேடவாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் எண்ணும் பெயரும் கூப்பிடுகிற வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. பேச்சும் குறைவு என்பதால் அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கங்கையம்மாளிடமிருந்து போன் வந்தது மாசி மாதத்தில். நலம் விசாரிக்கவில்லை. "பூவம்மா வூட்டுக்கு வரியா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. நான் பொறாமைல சொல்றேனாம். நீயே வந்து உன் வாயால சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவள் செம்பாக்கம் போனாள். கங்கையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கட்டில் கிடந்தது. அதன் மேல் காய்ந்த துணிகள் மலைபோல மடிக்காமல் குவிந்திருந்தன. பூவம்மாள் கொஞ்சம் பருத்த உடம்புக்காரி. துணிகளை அள்ளி நாற்காலியில் போட்டுவிட்டு, "பாரு" என்றாள்.

கோகிலவாணி மெத்தையைத் தூக்கினாள். போன் டார்ச்சை அடித்து, லென்ஸைப் பூவம்மாளின் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். பூவம்மாள் ரொம்ப நேரம் குனிந்திருந்தாள்.

"முட்ட முட்டையா கீதே, அதானா?"

"அதான்மா. கண்ணாடி."

பூவம்மாள் நிமிர்ந்து கங்கையம்மாளைப் பார்த்தாள். கங்கையம்மாள் தலை குனிந்து நின்றாள். "நான் தெரிஞ்சு செய்யல பூவம்மா" என்றாள்.

"தெரிஞ்சு செஞ்சேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் பூவம்மாள் எரிச்சலாக. "இத்தத் தூக்கி வெளிய போடவும் ஆளில்ல, வெக்கவும் எடமில்ல. வாங்கின புதுசுல நாலு நாளு படுத்தேன். தனியா படுக்க ஒரு மாதிரி கீது. அங்கன்னா பக்கத்துல பக்கத்துல பேசினே படுத்திருப்போம்." பிறகு கோகிலவாணியின் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா நின்னுனே கீற? மூஞ்சி வாடிக் கெடக்குது. உக்காரு."

உட்கார வேறு இடம் இல்லாததால் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கங்கையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் ஸ்விட்சைத் தட்டினாள். "படு" என்றாள்.

"வேணாம்மா, நேரமாச்சு."

"படுன்றேன்ல. எங்க அத்தினி பேரையும் படுக்க வெச்சவதான நீ."

அவள் படுத்தாள். மெத்தை மெல்லச் சூடேறியது. உருளைகள் கழுத்தில் தொடங்கித் தோள்பட்டைக்கு இறங்கின. ஒவ்வொன்றும் கண்ணாடி என்று அவளுக்குத் தெரியும், எந்த இடத்தில் குமிழ் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். முதுகு அதையெல்லாம் கேட்கவில்லை. அடுக்களையில் அவர்கள் இருவரும் யார் மேல் தப்பு என்று பேச்சைத் தொடர்ந்தார்கள். கம்பெனி மேல் கேஸ் போடலாம் என்றாள் ஒருத்தி. அதற்கு யார் அலைவது என்றாள் மற்றவள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்புக்கு எத்தனை கத்திரிக்காய் போடுவது என்பதில் வந்து நின்றது. கோகிலவாணி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. கட்டில் எப்போதோ தானாக நின்றுவிட்டிருந்தது. அவள் மேல் யாரோ ஒரு பழைய புடவையைப் போர்த்தியிருந்தார்கள். போனில் குமரவேலின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவள் அவனைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல, தூங்கிட்டேன்" என்றாள்.

"எங்க?"

"இங்கதான். வந்து சொல்றேன். லிஃப்ட் ஓடுதா?"

"காலைல ஓடிச்சி" என்றான் அவன்.

"கையக் கழுவினு வா, சாப்ட்டுட்டுப் போவ" என்று உள்ளேயிருந்து கங்கையம்மாள் கூப்பிட்டாள். கோகிலவாணி புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.